வெள்ளிக்கிழமைப் பெட்டி

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவனிடம் "எல்லாம் நல்லா ஓடுது" என்று சொல்வதற்காக மாடிப்படி ஏறி வந்தவர் எவரும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் இழவு கேட்க வந்த முகத்தோடுதான் வருவார்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த கடையில் ஆறு வருடம் அந்த முகங்களைப் பார்த்தே காலம் ஓட்டினேன்.

நான் அதிகம் விற்றது வெளியே வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு பிரதி எடுத்து வைப்பதற்கான பெட்டி. செங்கல் அளவு இருக்கும், பிரிண்டர் சொருகும் துளையில் சொருக வேண்டும், இரண்டு ஜிகா பிடிக்கும். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேராவது ஒரு நாள் வெறும் திரையைப் பார்த்து "ஐயோ" என்று சொல்லியிருப்பீர்கள். மீதிப் பாதி இனிமேல் சொல்லப்போகிறீர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி, தைரியமாகச் சொல்கிறேன்.

எடை பார்த்து வாங்கியவர்

அம்பாங்கில் இரும்புக் கடை வைத்திருந்த ஒருவர் தன் சரக்குப் பட்டியலுக்குப் பிரதி எடுக்கப் பெட்டி கேட்டு வந்தார். மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தேன். வேகம், கொள்ளளவு, கேபிளின் நீளம் என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் தலையாட்டிக்கொண்டே வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று தூக்கிப் பார்த்தார். கையை மாற்றி இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

கனமாக இருந்தது பழைய மாடல். அதன் கனமெல்லாம் உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் கனம். இதை விளக்க வாய் திறந்தேன், முதலாளி ஆல்வின் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். தேங்கிக் கிடந்த சரக்கு போகட்டுமே என்பது அவர் கவலை. நான் வாயை மூடிக்கொண்டேன். இரும்புக் கடைக்காரர் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போனார்: "ஒண்ணுமில்லாத சாமான் கனக்காது லா, தம்பி."

பத்திரமாக ஒரே இடத்தில்

டியூஷன் வாத்தியார் ஒருவர். ஐந்து வருடமாகத் தயாரித்த கேள்வித்தாள்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. "எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டுடுங்க சார், கவலையே இல்ல" என்று சொல்லிப் பெட்டியை விற்றேன். மூன்று மாதத்தில் பெட்டி கைதவறிக் கீழே விழுந்து, உயிர் விட்ட நிலையில் என்னிடம் வந்தது. நான் அலட்டிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறதே, மறுபடி காப்பி செய்துகொள்ளலாம் என்றேன்.

கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்ட கையோடு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டிருந்தார். இரண்டு இடத்தில் வைப்பதற்குத்தான் பெட்டி என்பதை நான் சொல்லவே இல்லை. எனக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். வாடிக்கையாளர்கள் நாம் நினைப்பதைச் செய்வதில்லை, சொன்னதைச் செய்கிறார்கள் என்று அன்றைக்கே நான் கற்றிருக்க வேண்டும். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒருவேளை மண்டையில் ஏறியிருக்கும். உடைந்த பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு எடத்துல இருந்தா எது எங்கன்னு தேடணுமே, பாஸ். பத்திரமா ஒரே எடத்துல இருக்கட்டும்னு நெனச்சேன்."

கிள்ளானிலிருந்து வந்தவர்கள்

இனி சொல்லப்போவது ஒரே குடும்பத்தைப் பற்றியது. சொல்ல ஆசையில்லை. சொல்லாமல் விட்டால் மேலே சொன்ன இரண்டும் வெறும் சிரிப்பாகப் போய்விடும்.

கோவிந்தசாமி அங்கிள் ரயில்வேயில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சரோஜா ஆன்டியோடு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார். அவர்களுக்கு ஒரே மகள், மல்லிகா. இங்கிலாந்தில் நர்ஸ். பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டிய படத்தில் காஞ்சிபுரம் புடவை கட்டி, பூ வைத்து, சீன முகத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சீனக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளை நம்மவர்கள் வாங்கி வளர்த்தது நம் ஊரில் புதிதில்லையே, நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மல்லிகா தங்கள் வீட்டுக்கு எப்படி வந்தாள் என்ற முழுக் கதையும் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவளைப் பெற்றவளிடம் நேரில் பேசி வாங்கி வந்தவர் அவர். மகள் கேட்கும்போதெல்லாம் "கல்யாணத்தப்போ சொல்றேன்" என்று தள்ளிப் போட்டிருக்கிறார். இப்போது தொண்டையில் கட்டி. இன்னும் ஐந்து மாதத்தில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பேச்சு இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கதையையும், அவளுக்குச் சொல்ல நினைத்த மற்றதையும் தினமும் காலையில் கேசட்டில் பேசிப் பதிந்துகொண்டிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. கேசட்டை அதில் ஏற்ற முடியுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். நான் உற்சாகமாகிவிட்டேன். நம் ஊர்க் காற்றுக்குக் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் நூறு வருடம் இருக்கும், அதே கேசட்டில் மறுபடி மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று அடுக்கினேன். அப்போது அவர் குரல் ஏற்கனவே கரகரத்துப் போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் மெல்லத் தூக்கி வைத்துச் சொன்னார்: "எனக்கு நூறு வருஷம் வேணாம், தம்பி. எம் மக வர்ற வரைக்கும் இருந்தா போதும்."

மூன்று பெட்டியில் ஒன்று

ஒரு மணி நேரப் பேச்சு நாற்பது எம்.பி. வந்தது. டிஸ்கெட்டில் ஏற்றினால் மணிக்கு இருபத்தெட்டு டிஸ்கெட் வேண்டும். ஆகவே பெட்டிதான் என்று மூன்றை மேசைமேல் வைத்தேன். இதுவரை என்னிடம் வந்தவர்களில் பிரதி என்றால் என்ன என்பதை நான் வாய் திறக்கும் முன்பே புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வந்துவிடாமல் முப்பது வருடம் பார்த்துக்கொண்டவர் அல்லவா? எது வேகம், எது புதுசு என்றெல்லாம் கேட்கவில்லை. "இது கெட்டா அது இருக்கும். அது கெட்டா இது இருக்கும். ரெண்டும் ஒண்ணா கெடணும்னா என்ன நடக்கணும்?" என்று கேட்டார்.

தீ, வெள்ளம், திருடன் என்றேன். அப்படியானால் பெட்டி வீட்டில் இருக்கக் கூடாது என்றார். என் மைத்துனன் மாணிக்கம், சரோஜாவின் தம்பி, போர்ட் கிள்ளானில் இருக்கிறான், கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான், வேலைக்குப் போகிற வழியில் கொண்டுவந்து, திரும்புகிற வழியில் எடுத்துப் போவான், பெட்டி அவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவரே ஏற்பாடும் சொன்னார். மூன்றில் சிறியதை, லோரி ஆட்டத்துக்குத் தாங்கும் ரப்பர் விளிம்பு வைத்ததைத் தேர்ந்தெடுத்தோம். இன்று யோசித்தாலும் அந்தத் தேர்வில் ஒரு குற்றமும் இல்லை. பையில் போட்டுக் கொடுத்தபோது சரோஜா ஆன்டி அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்: "இனிமே இதுதான் தம்பி எங்க வீட்டு நகை."

அட்டை

கம்ப்யூட்டரைத் தயார் செய்ய நானே கிள்ளானுக்குப் போனேன். அங்கிளுக்கு மிஷின் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை. பின்கட்டில் நடந்துகொண்டே கேசட்டில் பேசுவார். வாரம் ஒருமுறை அதை ஆன்டி கம்ப்யூட்டரில் ஏற்றி, பிறகு பெட்டிக்குக் காப்பி செய்ய வேண்டும். ஆன்டிக்கு ஐந்து படியில் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது தடவையே என்னைவிடச் சுத்தமாகச் செய்தார்.

எந்தக் கிழமை என்று கேட்டார். எனக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் வாரத்தின் கடைசி வேலை நாளில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பிரதியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடவும் என்று போட்டிருந்தது. அதையே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டரின் தலையில் ஒட்டினேன். ஆன்டி அட்டையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, நானும் என்ன என்று கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பியவர் சொன்னது இதுதான்: "நீங்க படிச்சவங்க, தம்பி. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூடிய காது

அன்றைக்கு, கிளம்பும் முன், முதல் கேசட்டை மட்டும் நான் ஏற்றிக் காட்டினேன். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "அம்மா மல்லிகா, அன்னைக்கு விடிகாலையிலேர்ந்து மழ..." என்று தொடங்கினார். நான் சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிட்டேன். மற்றவர் வீட்டு விஷயம், நமக்கு எதற்கு? திரையில் அலை ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதை நல்ல குணம் என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் காதைத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கு அதில் பாதியையாவது என்னால் சொல்ல முடியும். அங்கிள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சத்தமே இல்லாததைக் கண்டு அவர் முகம் கொஞ்சம் வாடியது. "கேட்டா என்னப்பா, நல்லாத்தானே சொல்லியிருக்கேன்."

இங்கிலாந்திலிருந்து ஒரு போன்

ஒரு நாள் கடைக்கு மல்லிகாவே போன் செய்தாள். சுத்தமான கிள்ளான் தமிழ். "ஹலோ, சிவாவா? அப்பா உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்காரு லா" என்று ஆரம்பித்தாள். பெட்டியைப் பற்றி ஒரு நர்ஸ் கேட்கிற மாதிரி நறுக்கென்று கேட்டாள். எத்தனை பிரதி, எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம். நான் எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வர முடியவில்லை, லீவு கிடைக்கவில்லை, ஒன்றரை மாதம் கழித்துத்தான் வருவேன் என்றாள். போனிலேயே கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். இரண்டு முறை கேட்டாளாம். இரண்டு முறையும் அவர் தொண்டை அடைத்து, பேச முடியாமல் ரிசீவரை ஆன்டியிடம் கொடுத்துவிட்டாராம். அது வியாதியினால் மட்டுமில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. வைக்கும் முன் சொன்னாள்: "கேசட்டுக்கிட்டதான் அழாம பேசுறாரு. அதனால அத மட்டும் பாத்துக்குங்க, ப்ளீஸ்."

சனிக்கிழமை காலை

ஆபரேஷன் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு போய்விட்டது. அவர் கடைசியாகப் பேசியிருந்த கேசட்டை அந்த வெள்ளிக்கிழமை ஆன்டி கம்ப்யூட்டரில் ஏற்றினார். காலையில் மாணிக்கம் கொண்டுவந்து வைத்த பெட்டிக்குக் காப்பியும் செய்து முடித்தார். இனிப் பதிவு கிடையாது. இதுதான் கடைசிப் பிரதி. இதற்குப் பிறகு பெட்டி மல்லிகா வரும்வரை மாணிக்கம் வீட்டை விட்டு அசையாது.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் ஆன்டியிடமிருந்து போன். அங்கிள் ஆஸ்பத்திரியில் இருக்க, முந்தின நாள் சாயங்காலம் ஆன்டி அவருக்காக அர்ச்சனை செய்யக் கோயிலுக்குப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசையில் பாதி வீடு கோயிலில்தான் இருக்கும், இது திருடனுக்கும் தெரியும். திரும்பி வந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. கம்ப்யூட்டர் போயிருந்தது. கேசட் பிளேயரும் உள்ளே இருந்த கேசட்டோடு போயிருந்தது. "பரவாயில்ல ஆன்டி, அதுக்குத்தானே பெட்டி" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. நான் சொன்ன ஏற்பாடு வேலை செய்கிற நாள் வந்துவிட்டதே! ஆன்டி மெல்லச் சொன்னார்: "பெட்டியும் மேசமேலதான் இருந்துச்சு, தம்பி."

இன்னொரு கேசட்

அன்றே கிள்ளானுக்கு ஓடினேன். மாணிக்கம் அண்ணன் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரை விசாரிக்கவில்லை, மனத்துக்குள் திட்டினேன். லோரிக்காரர், எங்கேயோ நின்று டீ குடித்திருப்பார், வர மறந்திருப்பார் என்று நானே ஒரு குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டேன்.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. அவர்களிடம் இரண்டு கேசட் இருந்தது, அங்கிள் மாற்றி மாற்றிப் பேசுவார். ஒன்று பிளேயரோடு போனாலும் மற்றதில் போன வாரப் பேச்சாவது இருக்குமே? ஆன்டி பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு ரேடியோவில் போட்டோம். நாதஸ்வரம் வந்தது, பிறகு முருகன் பாட்டு. ஆஸ்பத்திரியில் அங்கிள் கேட்கட்டும் என்று ஆன்டி வானொலியிலிருந்து இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்தார். கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்தோம், இடையில் ஒரு இருமல்கூட இல்லை. ஆன்டி குற்றம் சொல்லவில்லை, நினைவுபடுத்தினார், அவ்வளவுதான்: "கம்ப்யூட்டர்ல ஏறிட்டா கேசட்ட திரும்ப எடுத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க."

பாசாரில் தேடியது

மூன்று வாரம் லீவு நாளெல்லாம் பழைய சாமான் விற்கும் பாசார்களில் அலைந்தேன். கிள்ளான், பந்திங், கோலாலம்பூர் என்று ஒன்றும் விடவில்லை. தரையில் பாய் விரித்துப் பரப்பியிருக்கும் மின்விசிறி, ரேடியோ, டெலிபோன்களுக்கு நடுவில் ரப்பர் விளிம்பு வைத்த பெட்டி தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு இடத்தில் அதே மாடல் கிடைத்தது. பேரம் பேசாமல் வாங்கிவந்து கடையில் சொருகினேன். யாரோ ஒரு ஸ்கூல் பையனின் விளையாட்டுகள் இருந்தன. அவனும் எங்கேயோ "ஐயோ" என்று சொல்லியிருப்பான்.

எடுத்த திருடனுக்கு அந்தப் பெட்டி என்னவென்றே தெரிந்திருக்காது. பிரிண்டர் பாகம் என்று நினைத்துக் ஆற்றில் வீசியிருக்கலாம். முதலாளி ஆல்வின் கெட்டவரில்லை. நான் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார்: "சிவா, போதும் லா. அவங்களுக்கு லாபம் வெக்காம இன்னொரு பெட்டி குடுத்திடு."

மல்லிகா கேட்ட கதை

மல்லிகா வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க நாலு காரணம் யோசித்தேன், ஒன்றும் நிற்கவில்லை. அங்கிள் பின்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, மடியில் ஒரு சிலேட்டு, கையில் பல்பம். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மல்லிகா தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். "ஆயி, நீ சொல்லு. அவரு பேசுனப்ப நீயும் கேட்டிருப்பல்ல" என்றாள். அம்மாவை அவள் ஆயி என்றுதான் கூப்பிடுவாள். சரோஜா ஆன்டி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். காலையிலிருந்து மழை, சிக்னல் கேபினுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனக் குடும்பம், ஆறாவது பெண், தூக்கிக் கொடுத்தவள் மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், இவளைப் படிக்க வைப்பீர்களா என்று. "துணி ஒண்ணும் இல்ல, செவப்புக் கொடியில சுத்தித் தூக்கிக்கிட்டு வந்தாரு" என்று ஆன்டி சொன்னபோது அங்கிள் பல்பத்தால் சிலேட்டில் படபடவென்று தட்டினார். ஆன்டி நிறுத்தினார். அவர் எழுதிக் காட்டினார்: பச்சை.

மல்லிகா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுபோய், அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்டி தொடர்ந்து சொன்னார். இன்னும் நாலைந்து இடத்தில் அங்கிள் தட்டினார், திருத்தினார். சிலேட்டில் நாலு வார்த்தைக்கு மேல் எழுத முடியாமல் கை நடுங்கியது. ஒரு இடத்தில் எழுத ஆரம்பித்து, போதாது என்று அழித்து, மறுபடி ஆரம்பித்து, சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கதை முழுதும் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆன்டி முடித்ததும் மகளிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "விசயம் இதான்மா. அவரு சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வராது."

வாசலில்

கிளம்பும்போது மாணிக்கம் அண்ணனும் வாசலுக்கு வந்தார். மனத்துக்குள் திட்டியவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன், அன்றைக்கு ஏன் அண்ணே வரவில்லை என்று. அவர் அக்காவைப் பார்த்தார். வந்தேனே என்றார். ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டாராம். அன்றைக்கு மட்டுமில்லை, எல்லா வெள்ளிக்கிழமையும் வந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அக்கா "நாளைக்குக் காலையில வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் வந்து எடுத்துப் போயிருக்கிறார். இருபது வாரம் இப்படித்தான். வாரத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே மேசையில் இருந்திருக்கின்றன, அந்த ராத்திரியை அட்டையில் எழுதி ஒட்டியவன் நான்.

ஆன்டி ஒன்றும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இந்த நாட்டில் எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், என் அம்மாவே சொல்லியிருப்பார். இங்கிலீஷ் புத்தகம் எழுதியவனுக்குத் தெரியாது சரி, எனக்குத் தெரியாதா? அவர் குரலில் துளிகூடக் கோபமில்லை, என்மேல் இரக்கம்தான் இருந்தது: "வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்புறம் வீட்டுப் பொருள எப்படித் தம்பி வெளிய குடுக்கறது? வியாழக்கெழமன்னு எழுதியிருந்தீங்கன்னா குடுத்திருப்பேனே."

அதற்குப் பிறகு கடையில் யார் பெட்டி வாங்க வந்தாலும் எத்தனை ஜிகா வேண்டும் என்று நான் முதலில் கேட்டதில்லை, உங்கள் வீட்டில் எந்தக் கிழமை உப்பு இரவல் கொடுக்க மாட்டீர்கள் என்றுதான் கேட்டேன்.